வேதபாரகர்: ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் படிப்படியாக அறிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் வேதாகமத்தை வாசிப்பவர்கள் ‘வேதபாரகர்’ என்னும் சொல்லை நற்செய்தி நூல்களில் அடிக்கடி காண்கிறார்கள். அது பெரும்பாலும் பரிசேயர் என்னும் யூத சமய இயக்கத்தாரின் பெயரோடு இணைந்தும், கண்டனத்துக்குரிய இடங்களிலும் வருவதால், இயேசுவை எதிர்த்த ஒரு கூட்டத்தின் பெயர் என்ற அளவில் பொருள் கொண்டு வாசிப்பைத் தொடர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் வடமொழி, எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளின் நெடிய வரலாறு படிந்திருக்கிறது. தமிழ்ச் சொல் பிறந்த வழி ஒன்று. அது எந்த மூலச்சொல்லுக்கு நிகராக நிறுத்தப்பட்டதோ அந்தச் சொல் பிறந்த வழி முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ‘வேதபாரகர் என்றால் இதுதான்’ என்று விளக்கம் கூறுவோர், தமிழ்ச் சொல்லின் வேரிலிருந்து யூத வரலாற்றை வருவிக்கிறார்கள், அல்லது யூத வரலாற்றைத் தமிழ்ச் சொல்லின் வேரில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் குழப்பம் நேராமல் இச்சொல்லை ஆராயும் முறையைக் கீழே வரிசையாகத் தருகிறேன். மறைநூல் வல்லாரைக் குறிக்கும் வேறு சொற்களுக்கும் இதே முறையைக் கையாளலாம்.

முதற்படி: சொல்லைச் சரியான இடத்தில் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வேரையும் காணுதல்

வேதம் + பாரகர் என்று பிரிப்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. முன்பகுதியான வேதம், ‘அறி’ என்னும் பொருளுடைய ‘வித்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. வித்தை, வித்துவான் ஆகியவையும் அதே வேரின் கிளைகள். சிக்கல் எழுவது பின்பகுதியில்தான். தமிழ் எழுத்தில் ‘பாரம்’ என்று ஒரே வடிவில் எழுதப்படுவன வடமொழியில் இரு வேறு சொற்கள். ஒன்று வல்லோசை பகரத்தில் தொடங்கி ‘அக்கரை, எல்லை, முடிவு’ எனப் பொருள்படுவது. மற்றது மூச்சொலி கலந்த பகரத்தில் தொடங்கிச் ‘சுமை’ எனப் பொருள்படுவது. இவ்வொலி வேறுபாட்டைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இதனால் வேதபாரகரை ‘வேதத்தின் சுமையைத் தாங்குகிறவர்’ என்றோ, ‘வேதத்தைப் பிறர்மேல் சுமத்துகிறவர்’ என்றோ விளக்கும் பழக்கம் எளிதில் பிறந்துவிடுகிறது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், சுமக்க அரிதான சுமைகளைக் கட்டி மனிதர் தோள்களில் வைப்பவர்கள் என்று இவர்களைப் பற்றிக் கூறப்படுவது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்ப்பதுபோலத் தெரியும். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் சொற்பிறப்பு நோக்கில் இது தவறு. இங்கே உள்ளது அக்கரையைக் குறிக்கும் பாரமே.

அந்தப் பாரம் தமிழர்க்குப் புதியது அன்று. ஒரு நூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓதி முடிப்பதைப் பாராயணம் என்கிறோம்; அக்கரை நோக்கிச் செல்லுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். எல்லையற்ற சிறப்புடையதை அபாரம் என்கிறோம். கரையில்லாதது என்பது அதன் நேர்ப்பொருள். இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் வேதபாரகரில் உள்ள பாரம் எது என்பதில் ஒருபோதும் தடுமாற்றம் வராது.

அடுத்து ‘க’ என்னும் சிறு உறுப்பு. ‘செல்’ எனப் பொருள்படும் ‘கம்’ என்ற வினைவேர் கூட்டுச்சொற்களின் இறுதியில் இவ்வாறு குறுகி நிற்கும். மார்பால் ஊர்ந்து செல்வது உரகம், விரைந்து செல்வது துரகம், வானில் செல்வது ககம் என்பவை இதே அமைப்பு உடையவை. பாணினி தமது இலக்கணத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இவ்வாறு ‘கம்’ வேரோடு சேரும் சொற்களைத் தொகுத்து ஒரு சூத்திரம் அமைத்திருக்கிறார். முடிவு, நெடுவழி, தொலைவு, அக்கரை முதலியன அதில் அடங்கும். ஆகவே பாரகன் என்பது அக்கரை சென்றவன்; வேதபாரகன் என்பது வேதத்தின் அக்கரைக்குச் சென்றவன், அதாவது அதை முழுவதும் கடந்து கற்றவன். ஓதத் தொடங்கியவனையோ ஒரு பகுதியை மனப்பாடம் செய்தவனையோ இச்சொல் குறிக்காது. முழுமை என்னும் கருத்து இதன் உயிராக இருக்கிறது.

இரண்டாம் படி: மொழிபெயர்ப்புக்கு முன்பே அச்சொல் எவ்வாறு வழங்கியது என்று பார்த்தல்

ஒரு சொல்லின் வேரை மட்டும் அறிந்து நிறுத்திக்கொள்வது போதாது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கையில் எடுத்தபோது அது எத்தகைய மதிப்பைச் சுமந்து நின்றது என்பதையும் அறிய வேண்டும்.

மனுதர்ம சாத்திரத்தில் இச்சொல் பல இடங்களில் வருகிறது. மாணவனுக்கு முறைப்படி இரண்டாம் பிறப்பை அளிக்கும் ஆசாரியனை வேதபாரகன் என்று அந்நூல் அழைக்கிறது. நீத்தார் கடனில் உணவளிக்கத் தகுந்தவரைத் தேடும்போது வேதபாரகனான பிராமணனையே ஆராய்ந்து கண்டறிய வேண்டும் என்கிறது. தானத்தின் பலனை வரிசைப்படுத்தும் இன்னொரு சுலோகம், பெறுபவரின் தகுதிக்கேற்பப் பலன் பெருகும் என்று கூறிக்கொண்டே சென்று, வேதபாரகனுக்குக் கொடுத்தது எல்லையற்ற பலன் தரும் என்று முடிகிறது. வடமொழி மரபில் இது பட்டங்களின் உச்சியில் நின்ற ஒரு புகழ்ச்சொல் என்பதை இந்த இடங்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

பாலி மொழியில் அமைந்த பௌத்த நூல்களிலும் இதன் உடன்பிறப்பைக் காணலாம். புத்தரோடு உரையாட வரும் கற்றறிந்த பிராமணர்களை அறிமுகப்படுத்தும் நிலையான வருணனையில், ஓதுபவர், மந்திரங்களை நெஞ்சில் தாங்கியவர் என்பவற்றோடு ‘மூன்று வேதங்களின் அக்கரை கண்டவர்’ என்ற தொடரும் இடம்பெறும். அங்கு வரும் சொல் ‘பாரகூ’ என்பது. அதே சொல்லைப் பௌத்தர் பிறகு துன்பத்தைக் கடந்த முனிவர்க்கும் உரியதாக்கினர். நூலைக் கடப்பதும் வாழ்வின் துயரைக் கடப்பதும் ஒன்றா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்துவிட்டது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் பகுதியில் நாரதர் சனற்குமாரரிடம் வந்து, நான்கு வேதங்கள் தொடங்கித் தாம் கற்ற கலைகளையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, ஆயினும் தாம் மந்திரம் அறிந்தவரே அன்றித் தம்மை அறிந்தவர் அல்லர் என்றும், துயரத்தின் அக்கரைக்குத் தம்மைக் கடத்திவிட வேண்டும் என்றும் வேண்டுகிறார். அங்கே வரும் அக்கரையும் இதே ‘பாரம்’தான். நூலறிவின் கரையை எட்டியவர் இன்னொரு கரையை எட்டாமல் நிற்கக்கூடும் என்ற சிந்தனை, நற்செய்தி நூல்கள் வேதபாரகரைப் பற்றி எழுப்பும் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நான் கூறவில்லை. இச்சொல்லின் உள்ளேயே அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது என்பதையே சுட்டுகிறேன்.

தமிழில் இதற்கு நிகரான வழக்குகள் முன்பிருந்தே உண்டு. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நூல் அரங்கேறியபோது அதைக் கேட்ட அதங்கோட்டாசானை ‘நான்மறை முற்றிய’ என்ற அடைமொழியால் குறிக்கிறது. முற்றுதல் என்பதிலும் முடிவுவரை செல்லும் கருத்தே இருக்கிறது. ஆனால் அதே அடியில் வரும் ‘அறங்கரை நாவின்’ என்பதில் உள்ள ‘கரை’யைப் பாரத்தோடு இணைத்துவிடக் கூடாது, அது கரைதல், அதாவது சொல்லுதல் என்னும் வினையின் வடிவம். சொற்பிறப்பு ஆராய்வோர் இத்தகைய ஒப்புமைகளில் மயங்காமல் இருக்க வேண்டும். ‘கரைகண்டவர்’, ‘துறைபோகியவர்’ என்று கற்றுத் தேர்ந்தாரைப் போற்றும் தொடர்களே பாரகருக்கு மிக நெருங்கியவை. கல்வியை நீராகவும் கற்றவரை அதைக் கடந்தவராகவும் காணும் பார்வை இரு மொழிகளுக்கும் பொதுவாக இருப்பதால்தான் வேதபாரகர் என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலிக்கவில்லை.

மூன்றாம் படி: ‘வேதம்’ என்னும் சொல் கிறித்தவத் தமிழில் பெற்ற பொருளைக் கவனித்தல்

இதில் நெடிது நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பணியாற்றிய ஐரோப்பியத் துறவியரும் அவர்களோடு உழைத்த தமிழறிஞர்களும் வேதம் என்பதைத் தங்கள் மறைநூலுக்கும், சில இடங்களில் தங்கள் சமயத்துக்குமே பெயராக ஆண்டனர். வேதாகமம், வேதபுத்தகம், வேதசாட்சி ஆகியவை அப்படி நிலைத்தவை. எனவே தமிழ் வேதாகமத்தில் ‘வேதபாரகர்’ என்று வரும்போது ரிக் முதலான நான்கு வேதங்கள் அங்கே பேசப்படவில்லை. யூதர்களின் தோராவும் (மோசேயின் நியாயப்பிரமாண நூல்கள்), அதனோடு சேர்த்து மதிக்கப்பட்ட மறைநூல்களுமே பேசப்படுகின்றன. தரங்கம்பாடியில் ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு 1714–1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதிலிருந்து, அவருக்குப் பின்வந்த ஜெர்மானியர் ஃபப்ரீசியுஸின் திருத்தங்கள் வழியாக, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் வெளிவந்த ஒருமித்த மொழிபெயர்ப்பு வரை, இத்தகைய சமயச் சொற்கள் ஒவ்வொன்றும் எடுத்தும் விடுத்தும் ஆராயப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபையினர் இன்றும் பரவலாக வாசிக்கும் அந்த 1871ஆம் ஆண்டு மரபில் வேதபாரகர் என்னும் சொல் உறுதியாக இடம்பெற்றது.

நான்காம் படி: எபிரேய மூலச்சொல்லுக்குச் செல்லுதல்

இதுவே இந்த ஆராய்ச்சியின் நடுப்பகுதி. பொறுமையாகச் செய்ய வேண்டியதும் இதுவே. வேதபாரகர் என்று தமிழில் வரும் பழைய ஏற்பாட்டு இடங்களில் எபிரேயத்தில் உள்ள சொல் ‘சோஃபேர்’. இது ச-ஃப-ர என்னும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து பிறந்தது. அவ்வேரில் எண்ணுதல், எழுதுதல், எடுத்துரைத்தல் ஆகிய பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நூலுக்கும் சுருளுக்கும் ‘சேஃபெர்’ என்றும், எண்ணிக்கைக்கு ‘மிஸ்பார்’ என்றும் பெயர் அமைந்தது இதே வேரிலிருந்துதான். மெசப்பொத்தேமியாவின் அக்காதிய மொழியில் செய்தி அனுப்புதல், எழுதியனுப்புதல் எனப் பொருள்படும் ஒரு வினையும், கட்டளையிடும் அதிகாரியைக் குறிக்கும் ஒரு பெயரும் இதனோடு ஒலியொற்றுமை உடையவை. அறிஞர் பலர் இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். அக்கரை, கடத்தல், முழுமை ஆகிய கருத்துகள் எபிரேயச் சொல்லில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எழுதுகோலிலிருந்தும் கணக்கிலிருந்தும் பிறந்த சொல்.

அதன் பழைய வழக்கும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. தாவீதின் அரசவை அலுவலர் பட்டியலில் செராயா என்பவர் சோஃபேர் என்று குறிக்கப்படுகிறார். யோசியா மன்னன் காலத்தில் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாணச் சுருளை மன்னனிடம் கொண்டுவந்து வாசித்த சாப்பானும் ஒரு சோஃபேர். எரேமியா சொல்லச் சொல்ல மையால் சுருளில் எழுதிய பாருக்கும் அப்படியே அழைக்கப்படுகிறார். இவர்கள் மறைநூல் ஆசிரியர்கள் அல்லர். அரசின் செயலாளர்கள், எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். செராயாவையும் சாப்பானையும் அவர்கள் வேதபாரகர் என்று அழைக்கவில்லை. கணக்கும் எழுத்தும் பார்க்கும் அலுவலரைக் குறித்த அன்றைய ஆட்சித்துறைச் சொல்லான ‘சம்பிரதி’யை ஆண்டார்கள். மூலத்தில் ஒரே சொல்லாக இருந்தது தமிழில் இரண்டாகப் பிரிந்தது இவ்வாறுதான்.

பிரிவு நிகழும் இடம் எஸ்றா. பாரசீகப் பேரரசின் கீழ் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்த ஆசாரியர் அவர்; அர்தசஷ்டா மன்னனின் ஏழாம் ஆண்டில் வந்தார் என்பதை முதலாம் அர்தசஷ்டாவுக்கு உரியதாகக் கொண்டால் அது கி.மு. 458 ஆகும். எஸ்றா 7:6 அவரை ‘சோஃபேர் மாஹீர்’ என்று அழைக்கிறது. மாஹீர் என்பதற்கு விரைவானவர், கைதேர்ந்தவர் என்று இரு பொருளும் உண்டு. தமிழில் இது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தேறின வேதபாரகன் என்று அமைந்துள்ளது. இப்போது சங்கீதம் 45இன் முதல் வசனத்தைப் பார்க்க வேண்டும். கவிஞர் தம் நாவை ஓர் எழுத்தாணிக்கு ஒப்பிடுகிறார். அது யாருடைய எழுத்தாணி என்றால், அதே ‘சோஃபேர் மாஹீர்’ உடையது. அங்கே தமிழ், விரைவாய் எழுதுகிறவனுடைய எழுத்தாணி என்கிறது. ஒரே இருசொல் தொடர் ஓரிடத்தில் ‘தேறின வேதபாரகன்’, மற்றோரிடத்தில் ‘விரைவாய் எழுதுகிறவன்’. இரண்டும் பிழையற்ற மொழிபெயர்ப்புகளே. ஆனால் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு எஸ்றாவின் கையில் இருந்த எழுதுகோல் கண்ணுக்குத் தெரியாது.

எஸ்றாவின் இந்தப் பட்டம் வெறும் புகழ்மொழியும் அன்று. எகிப்தின் எலிபாந்தைன் தீவில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அரமேயப் பாப்பிரசு ஏட்டில், அசீரிய அரசவையைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் அகிக்கார், ‘அறிவும் கைத்திறனும் உடைய எழுத்தர்’ என்று இதே இரு சொற்களின் அரமேய வடிவங்களால் வருணிக்கப்படுகிறார். ஆக, அரசவையில் வழங்கிய ஒரு பட்டத்தை எஸ்றாவின் நூல் எடுத்து, ‘மோசேயின் நியாயப்பிரமாணத்தில்’ என்ற சொற்களை அதனோடு சேர்த்திருக்கிறது. அந்தச் சேர்க்கைதான் சொல்லின் வரலாற்றைத் திருப்பியது. எழுத்துத் தொழிலாளி என்பது போய், புனித எழுத்தில் வல்லவர் என்பது வந்தது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் மரப்பீடத்தின் மேல் நின்று, விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை நியாயப்பிரமாணத்தை மக்கள்முன் எஸ்றா வாசிக்கும் காட்சியில் இப்புதிய பொருள் முழு வடிவம் பெறுகிறது.

யூத மரபே இச்சொல்லுக்குத் தந்த விளக்கம் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தோராவின் எழுத்துகளையெல்லாம் எண்ணியதால் முன்னோர் சோஃபேரிம் (சோஃபேர் என்பதன் பன்மை) எனப்பட்டனர் என்று, யூத அறிஞரின் விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதின் கித்துஷின் பகுதி கூறுகிறது. தோராவின் நடு எழுத்து எது, நடு வசனம் எது என்பதையும் அவர்கள் கண்டறிந்ததாக அது தொடர்கிறது. எண்ணுதல் என்னும் பொருள் வேரிலேயே இருப்பதால் இது வெறும் சொல்விளையாட்டு அன்று; ஆயினும், அரசவை எழுத்தர் காலத்துக்கு மிகவும் பிற்பட்ட விளக்கம் என்பதால் வரலாற்றுப் பிறப்பாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று வழங்கும் தோராச் சுருளில் 304,805 எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஒன்று குறைந்தாலும் சுருள் ஓதுவதற்குத் தகுதியற்றதாகிவிடும் என்பதை நினைத்தால், எண்ணும் கைக்கு அம்மரபு ஏன் அவ்வளவு மதிப்பளித்தது என்பது விளங்கும்.

ஐந்தாம் படி: கிரேக்கச் சொல்லின் இரு முகங்களைப் பார்த்தல்

எபிரேய நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் சோஃபேருக்கு ‘கிரம்மட்டேயுஸ்’ என்ற சொல்லை ஆண்டனர். புதிய ஏற்பாடும் அதையே கைக்கொண்டது. எழுத்தைக் குறிக்கும் ‘கிரம்மா’விலிருந்து பிறந்த இச்சொல், கிரேக்க நகரங்களில் ஆட்சிமன்றத்தின் பதிவாளரையும் செயலாளரையும் குறித்த அன்றாடச் சொல். கிரேக்கருக்கு அதில் சமய மணம் ஏதும் இல்லை.

இதைத் தமிழ் வேதாகமத்துக்குள்ளேயே சோதித்துப் பார்க்க முடியும். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்து அரங்கில் கூட்டம் கொந்தளித்துக் கூச்சலிடும்போது அதை அமைதிப்படுத்துகிறவர் ஒரு கிரம்மட்டேயுஸ். அவர் யூதரும் அல்லர், மறைநூல் கற்றவரும் அல்லர். நகர நிர்வாகத்தின் தலைமை அலுவலர். தமிழ் அவரைப் பட்டணத்துச் சம்பிரதி என்று மிகச் சரியாக அழைக்கிறது. அதே நூலின் தொடக்க அதிகாரங்களில் எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தில் அமர்ந்திருக்கும் கிரம்மட்டேயுஸ்களோ வேதபாரகர்கள். கிரேக்கத்தில் வாசித்த ஒருவர் இரு இடத்திலும் ஒரே சொல்லைக் கண்டு, சூழலைக் கொண்டு பொருளைப் பிரித்திருப்பார். தமிழில் வாசிப்பவருக்கு அந்த வேலையை மொழிபெயர்ப்பாளரே செய்து முடித்துவிட்டார். தெளிவு என்ற நோக்கில் இது பெரும் உதவி. சொல் வரலாற்றை நாடுவோர் மட்டும் மூலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் எழுதுதல் என்ற கருத்தை விட்டு, ‘மறைநூலில் கற்றவர்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லையே கொண்டது. இலத்தீன் மரபோ எழுத்தரைக் குறிக்கும் சொல்லையே வைத்துக்கொண்டது. தொழிலைச் சொல்வதா, கல்வியைச் சொல்வதா என்னும் இத்தேர்வில் தமிழ் வேதபாரகர் லூத்தரின் பக்கம் நிற்கிறது.

ஆறாம் படி: அருகில் நிற்கும் சொற்களிலிருந்து வேறுபடுத்துதல்

நற்செய்தி நூல்களில் மறைநூல் வல்லாரைக் குறிக்க இன்னும் இரு கிரேக்கச் சொற்கள் உண்டு. சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்பதிலிருந்து பிறந்த ‘நோமிகோஸ்’ ஒன்று. சட்டம் கற்பிப்பவர் எனப் பொருள்படும் ‘நோமோதிதாஸ்கலோஸ்’ மற்றொன்று. முன்னதை லூக்கா மிகுதியாக ஆள்கிறார். நல்ல சமாரியன் உவமைக்குக் காரணமான கேள்வியைக் கேட்டவர் அத்தகையவர். பின்னது கமாலியேலைக் குறிக்க வருகிறது. 1871ஆம் ஆண்டு மரபு இரண்டுக்குமே ‘நியாயசாஸ்திரி’ என்ற சொல்லை ஆள்கிறது.

இவர்கள் வேதபாரகரிலிருந்து வேறான ஓர் இனத்தவரா என்று கேட்டால், இணையான பகுதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே விடை தரும். முதன்மையான கற்பனை எது என்று இயேசுவிடம் கேட்டவரை மாற்கு 12 வேதபாரகரில் ஒருவர் என்கிறது. மத்தேயு 22 நியாயசாஸ்திரி என்கிறது. நிகழ்ச்சி ஒன்றே. பாலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்த கிரேக்க வாசகருக்குக் கிரம்மட்டேயுஸ் என்றால் நகரப் பதிவாளரே நினைவுக்கு வருவார் என்பதால் சட்டவல்லுநர் என்ற தெளிவான சொல் சில இடங்களில் விரும்பப்பட்டிருக்கலாம் என்பது எனக்கு ஏற்புடைய விளக்கமாகத் தோன்றுகிறது.

பரிசேயர் என்பது இவற்றிலிருந்து முற்றிலும் வேறுவகைப் பெயர். அது ஒரு சமய இயக்கத்தின் பெயர். வேதபாரகர் என்பது ஒரு கல்வித் தகுதியின், பணியின் பெயர். மாற்கு 2:16இல் பழமையான கையெழுத்துப் படிகள் ‘பரிசேயரைச் சேர்ந்த வேதபாரகர்’ என்று வாசிக்கின்றன. பரிசேயருள் வேதபாரகர் இருந்தனர், வேதபாரகர் எல்லாரும் பரிசேயர் அல்லர் என்பதை அந்தச் சிறு வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ‘வேதபாரகரும் பரிசேயரும்’ என்ற இணைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியதால் இரண்டும் ஒன்றே என்று எண்ணுவது மிகப் பரவலான பிழை.

ஏழாம் படி: அவர்கள் உண்மையில் செய்த பணியோடு சொல்லைப் பொருத்துதல்

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் எழுதிய சீராக், 38ஆம் அதிகாரத்தில் உழவர், கொல்லர், குயவர் ஆகியோரின் உழைப்பை மதிப்போடு வருணித்து, அவர்களின்றி நகரம் குடியிருக்க இயலாது என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஓய்வு வாய்க்கப் பெற்று முன்னோரின் ஞானத்தை ஆராயும் சோஃபேரின் வாழ்வைப் போற்றுகிறார். ஏறத்தாழ அதே காலத்தில் மூன்றாம் அந்தியோக்கு மன்னன் வரிவிலக்கு அளித்தவர்களின் பட்டியலில் ‘ஆலயத்தின் எழுத்தர்கள்’ இருந்ததாக யோசேபு என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்கிறார். அறிஞராகவும் அலுவலராகவும் ஒருசேர இருந்த ஒரு தகுதியை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

நற்செய்தி நூல்களில் வரும் வேதபாரகர் செய்யும் செயல்களைத் தொகுத்துப் பாருங்கள். மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதற்கு மறைநூலிலிருந்து விடை தேடித் தருகிறார்கள். எலியா முந்தி வரவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். எருசலேமிலிருந்து கலிலேயாவுக்கு வந்து ஒரு போதகரை ஆராய்கிறார்கள். பிரதான ஆசாரியரோடும் மூப்பரோடும் சங்கத்தில் அமர்ந்து தீர்ப்பில் பங்கேற்கிறார்கள். படியெடுத்தல், கற்பித்தல், சட்டத்தை விளக்குதல், நீதி வழங்குதல் ஆகியவை ஒரே ஆளிடம் கூடியிருந்தன. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் அது இயல்பே.

அவர்களைப் பற்றிய மதிப்பீடும் ஒரே நிறமானதன்று. மாற்கு 12ஆம் அதிகாரத்திலேயே, விவேகமாய் விடையளித்த வேதபாரகர் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவர் அல்லர் என்று பாராட்டப்படுகிறார். சில வசனங்களுக்குப் பின், நீண்ட அங்கிகளை விரும்பி விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கை வருகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லுக்குப் பொருள் கற்பிப்பது அந்த அதிகாரத்துக்கே அநீதியாகும். யோவான் நற்செய்தியில் இச்சொல் 8ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஒரேயொரு முறை வருகிறது. அப்பகுதியும் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் மறைநூல் வல்லார்க்கு ‘ஞானியர்’, ‘ரபி’ என்னும் பெயர்கள் முன்னுக்கு வந்தன. ஆலயம் அழிந்த நாள் முதல் ஞானியர் சோஃபேரைப்போல் ஆனார்கள் என்று யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சோத்தா பகுதியில் ஓர் இரங்கல் மொழி இருக்கிறது. அங்கே அச்சொல் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரைக் குறிக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே நேரத்தில் ‘சோஃபேரிமின் வாக்கு’ என்பது பழைய அறிஞரின் தீர்ப்பு என்னும் உயர்ந்த பொருளிலும் நின்றது. இன்று யூத வழக்கில் சோஃபேர் என்றால் தோராச் சுருளைக் கையால் படியெடுப்பவர்.

எட்டாம் படி: தமிழில் எந்தச் சொல்லை எங்கே ஆள்வது என்று முடிவு செய்தல்

1995இல் வெளிவந்த திருவிவிலியம் வேதபாரகருக்குப் பதிலாக ‘மறைநூல் அறிஞர்’ என்ற தொடரை ஆள்கிறது. நோமிகோஸ் என்பதற்குத் ‘திருச்சட்ட அறிஞர்’ என்கிறது. மறை என்பது பழந்தமிழ்ச் சொல். நூல் என்பது எழுத்தை நினைவூட்டுகிறது. கேட்டவுடன் பொருள் புலப்படுகிறது. விளக்கவுரைக்கும் பொது வாசகருக்கும் நான் இத்தொடரையே பரிந்துரைப்பேன். வேதபாரகர் என்பதை ஆளும்போது பாரம் என்ற சொல்லின் மயக்கத்தை ஒருமுறையேனும் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆனால் முழுமை என்னும் கருத்து மறைநூல் அறிஞரில் இல்லை. வேதத்தின் அக்கரையைக் கண்டவர் என்னும் பட்டத்தைத் தாங்கியவர்களிடம் ‘நீங்கள் வாசித்ததில்லையா’ என்று கேட்கப்படுவதன் கூர்மை வேதபாரகர் என்னும் சொல்லில்தான் முழுமையாக ஒலிக்கிறது.

அரசவை எழுத்தரையும் நகரப் பதிவாளரையும் குறிக்கும் இடங்களில் இவ்விரண்டும் பொருந்தா. சம்பிரதி இன்று வழக்கொழிந்துவிட்டதால் ‘எழுத்தர்’ அல்லது ‘செயலாளர்’ என்று சொல்வதே நேரியது. எரேமியா 8:8 மட்டும் இரு வகைக்கும் நடுவே நிற்கிறது. கர்த்தருடைய வேதம் எங்களிடத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோரை நோக்கி, சோஃபேரிமின் எழுத்தாணி பொய்யாய் எழுதுகிறது என்று தீர்க்கதரிசி கூறுகிறார். அங்கே தமிழ் ‘வேதபாரகர்’ என்றும் ‘எழுத்தாணி’ என்றும் இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது. எழுத்தையும் மறைநூல் அறிவையும் ஒருங்கே காட்டும் இடம் அது என்பதால், இச்சொல்லைப் பிறருக்குக் கற்பிக்க விரும்புவோர் அந்த வசனத்திலிருந்து தொடங்கி எஸ்றா 7:6க்கும், அங்கிருந்து சங்கீதம் 45க்கும் செல்வது நல்லது.